காலை ஏழு மணி மருந்து

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் வெளிநோயாளிகள் பிரிவில் இதை யாரும் மறுக்க மாட்டார்கள். மாவுக்கட்டு போடும் அறையைத் தாண்டினால் கடைசியாக ஓர் அறை வரும். ‘குழந்தைகள் மூச்சு கிளினிக்’ என்று பலகை தொங்கும். பதினோரு வருடமாக அங்கேதான் குப்பை கொட்டுகிறேன். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு கட்டில், எடை பார்க்கும் கருவி, ஊதிப் பார்க்கும் குழல்கள் நிறைந்த டப்பா. இழுப்பு வரும் பிள்ளைகள் மாடி வார்டில் போய்ப் படுக்கிற அளவுக்கு விடாமல், கீழேயே பார்த்து வீட்டுக்கு அனுப்புவது என் வேலை. வார்டில் ஒரு படுக்கை காலியாக இருந்தால் அதில் பாதிப் பெருமை எனக்குத்தான் என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

அதனால்தான் குண்டூசி மேல் எனக்கு அவ்வளவு கோபம். சரியாகச் சொன்னால், அவள் அம்மா மேல்.

குண்டூசிக்கு ஏழு வயது. அந்தப் பெயரை வைத்தது வார்டு நர்சுகள். ஊசி போட நரம்பு தேடிக் கையைப் பிடித்தால், நம் கையில் இருக்கும் ஊசிக்கும் அவள் கைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாதாம். எட்டு மாதத்தில் நான்கு முறை வார்டில் படுத்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஒரே கதை. முதல் நாள் சளி பிடிக்கும். இரண்டாம் நாள் இழுக்கும். மூன்றாம் நாள் விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வரும். அப்புறம் மூக்கில் ஆக்சிஜன் குழாய், ஐந்து நாள் படுக்கை. தடுப்பு மருந்தைத் தினமும் ஒழுங்காக எடுக்கிற பிள்ளை இப்படி அடிக்கடி வந்து படுக்காது என்பது என் கட்சி.

அவள் அம்மா பஸ் டிரைவர். அப்பா கட்டட வேலைக்காக வெளியூரில் இருந்தார், மாதம் ஒரு முறை வந்து போவார். டிரைவரம்மா எங்கள் அறைக்கு முதல் தடவை வந்தபோதே யூனிஃபார்ம் சட்டையோடு, அவசர அவசரமாகத்தான் வந்தார். ஆரஞ்சு நிற இன்ஹேலரையும், அதைப் பொருத்தி மூச்சை இழுக்கிற பிளாஸ்டிக் குழாயையும் கையில் கொடுத்து, எல்லாருக்கும் சொல்கிற பாட்டை அவருக்கும் பாடினேன்.

“தினமும் காலைல, ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, ரெண்டு தடவை. ரெண்டுக்கு மேல ஒரு தடவைகூட அடிக்கக் கூடாது. நீங்களே பக்கத்துல நின்னு குடுக்கணும். வேலை வேலைன்னு ஓடிட்டு, மருந்தைப் பிள்ளை கையில விட்டுட்டு, அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது. சொல்லிட்டேன்.”

“நானேதான் குடுப்பேன் சிஸ்டர்,” என்றார் அவர். சொல்லும்போது முகம் கொஞ்சம் சுருங்கியது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது அட்மிஷன் ஆனதும் அவர் சொன்னதை நான் நம்பவில்லை. “என் காதுல பூ சுத்தாதீங்கம்மா. மருந்து உள்ள போயிருந்தா இந்தப் பிள்ளை இப்படி இருக்காது,” என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். வரிசையில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாவது அட்மிஷனுக்குப் பிறகு பேசினார். பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, பின்பக்கம் எனக்குத் தெரிகிற மாதிரி மேசையில் வைத்தார். அதில் ஒரு சின்னச் சன்னல் இருக்கும். எத்தனை தடவை மருந்து மிச்சம் என்று அதில் எண் ஓடும். புது டப்பாவில் நூற்றிருபது. அது திறந்து நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது.

“எண்ணிப் பாருங்க சிஸ்டர்,” என்றார்.

இருபத்தெட்டு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு நாள் விடாமல் இரண்டு இரண்டாகப் போயிருக்கிறது. என் முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். “சரி சரி, வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்க,” என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

குண்டூசியும் என் எதிரில் எத்தனையோ தடவை செய்து காட்டியிருக்கிறாள். டப்பாவை ஐந்து தடவை குலுக்குவாள், குழாயில் பொருத்துவாள், உதட்டை இறுக்கி மூடுவாள், ஒரு அழுத்து, மெதுவாக ஐந்து மூச்சு. பாடப் புத்தகத்தில் படம் போடலாம். அப்படியிருந்தும் நான்காவது தடவையும் வார்டுக்குப் போனாள். எங்கள் குழந்தை டாக்டர் கோபப்படத் தெரியாத மனிதர். அவரே சோர்ந்துபோனார்.

“மருந்து போகுது, ஆனா வேலை செய்யல. வேற ஏதோ இருக்கு சிஸ்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிடலாம்.”

பெரிய ஆஸ்பத்திரி என்றால் பத்து நாள் படுக்கை. மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். முகமெல்லாம் உப்பிப்போகிற மாதிரி மாத்திரை கொடுப்பார்கள். எல்லாவற்றையும்விட, அந்த வார்டில் பெற்றோர் கூடத் தங்க முடியாது. சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

கடிதம் வாங்க அவர்கள் வந்த நாளை எப்படி மறப்பேன். டாக்டர் மாடியில் ரவுண்ட்ஸில் இருந்தார். அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. டிரைவரம்மா டெப்போவுக்குப் போன் போட்டு லீவு கேட்க வராந்தாவுக்குப் போயிருந்தார். குண்டூசி எனக்கு எதிரே நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“சிஸ்டர், அங்க அம்மா என் கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டுப்பாங்களா?”

“சாயங்காலம் வருவாங்க.”

“காலைல?”

கடிதத்தைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. ‘வீட்டில் மருந்து எடுத்துக்கொள்ளும் முறை’ என்று போட்டிருந்தது. எப்போதும் ‘சரி’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது பேச வேண்டியிருந்தது.

“காலைல எந்திரிச்சதுலேர்ந்து மருந்து போடுற வரைக்கும் என்னென்ன பண்ணுவ, சொல்லு பாப்போம்.”

“சொல்லவா, நடிச்சுக் காட்டவா?”

“நடிச்சே காட்டு.”

உடனே கட்டிலில் ஏறிப் படுத்து, கண்ணை மூடிக் குறட்டை விட்டாள். அப்புறம் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “இது தையல் அத்தை வீடு, சரியா?”

“உங்க வீட்டுல எந்திரிக்கிறதைக் காட்டுடி.”

“எங்க வீட்டுல தூங்கத்தான் செய்வேன். எந்திரிக்கிறது எதிர்வீட்டுத் தையல் அத்தை வீட்டுல. அம்மாவுக்கு அஞ்சு மணிக்கு முதல் பஸ்ஸு. நாலரைக்கு என்னைத் தூக்கிட்டுப் போய் அத்தை பக்கத்துல போட்டுருவாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

பேனாவைக் கீழே வைத்தேன்.

அவள் பாட்டுக்கு நடித்துக்கொண்டே போனாள். எழுந்தாள், பல் தேய்த்தாள், சோப்பு கண்ணில் பட்டதற்கு ஒரு அலறல். அப்புறம் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். “அத்தை மிஷின் ஓட்டுறாங்க. டர்ர்ர்ர்… இப்ப ஏழு மணி. அம்மா கடைசி ஸ்டாப்புல வண்டியை நிறுத்திட்டு அத்தை போனுக்குக் கூப்பிடுவாங்க. அஞ்சு நிமிஷம்தான் டைம். சிஸ்டர், உங்க போனைக் குடுங்க.”

“என் போன் எதுக்கு?”

“போன் இல்லாம எப்படி மருந்து போடுறது?”

கொடுத்தேன். அதைத் தரையில் வைத்தாள். அம்மாவின் பையிலிருந்து ஆரஞ்சு இன்ஹேலரை எடுத்து ஐந்து தடவை குலுக்கினாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அப்புறம் அதன் வாயை என் போனுக்குக் கிட்டே கொண்டுபோய், ஒரு அழுத்து. புஸ். இன்னொரு அழுத்து. புஸ். போன் கண்ணாடி மேல் மருந்து லேசாகப் படிந்தது. இன்ஹேலரை ஓரமாக வைத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் குழாயை வாயில் கவ்விக்கொண்டாள். கண்ணை மூடி, மெதுவாக, அழகாக, ஐந்து மூச்சு இழுத்தாள்.

“முடிஞ்சுது,” என்றாள். கைதட்டலை எதிர்பார்த்தாளோ என்னவோ.

நான் நாற்காலியை விட்டு இறங்கி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். என் முழங்காலுக்கு அது ஆகாது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

“கண்ணு, மருந்தை ஏன் போனுக்கு அடிச்ச?”

“அம்மாவுக்குக் கேக்கணும்ல.” இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி பார்த்தாள். “முதல்ல குழாய்க்குள்ளதான் அடிச்சேன். மிஷின் சத்தத்துல அம்மாவுக்குக் கேக்கவே இல்ல. கேக்கல பாப்பா, இன்னொரு தடவை அடி, இன்னொரு தடவை அடின்னாங்க. நீங்கதான ரெண்டுக்கு மேல அடிக்கவே கூடாதுன்னீங்க? அதான் ரெண்டும் அம்மாவுக்கு. மூச்சு எனக்கு.”

“இங்க வந்தா மட்டும் சரியா பண்றியே?”

“இங்கதான் அம்மா பக்கத்துலயே இருக்காங்களே. அவங்கதான் பாக்குறாங்களே.”

எட்டு மாதம். அம்மா வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும், எண்ணிக்கை பிசகாமல், அத்தனை மருந்தும் தையல்காரம்மாவின் போனுக்குப் போயிருக்கிறது. அந்தப் போனுக்கு ஜென்மத்துக்கும் இழுப்பு வராது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. இந்தப் பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொன்னதையும் கேட்டாள், அம்மா சொன்னதையும் கேட்டாள். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க அவளுக்கு வேறு வழி இல்லை.

டிரைவரம்மா உள்ளே வந்தபோது நாங்கள் இருவரும் தரையில் இருந்தோம்.

“பத்து நாள் லீவு குடுத்துட்டாங்க சிஸ்டர். ஆனா திரும்பி வரும்போது இந்த ரூட்டு இருக்காதாம். வேற எங்க போடுவாங்கன்னு தெரியல…” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். “என்ன ஆச்சு?”

சொன்னேன். எப்படி மெதுவாகச் சொல்வது என்று தெரியாததால் அப்படியே சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் சிஸ்டர். பக்கத்துல நின்னுதான் குடுக்கணும்னு முதல் நாளே சொன்னீங்க. போன்லதான் குடுக்கிறேன்னு சொன்னா, என்னைப் பத்தி என்ன நினைப்பீங்களோன்னு…”

“என்ன நினைச்சிருப்பேன்? நாலு பேர் முன்னாடி கிழிச்சுத் தொங்க விட்டிருப்பேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அந்த ரெண்டு சத்தம் காதுல விழுந்தாத்தான் எனக்கு உயிர் வரும். சரி, பிள்ளை மருந்து எடுத்துட்டா, இனிமே பயமில்லைன்னு நிம்மதியா வண்டியை எடுப்பேன். அதை நம்பித்தான் நாள் பூரா ஓட்டுனேன்.” யூனிஃபார்ம் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. “தப்பு உங்க மேல இல்லம்மா. எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீங்கன்னு நான் ஒரு நாளாவது கேட்டேனா? கேட்டிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும். என்னை மன்னிச்சிருங்க.” மூன்று மாதம் தள்ளிப்போட்ட மன்னிப்பு அது. சொன்ன பிறகும் மனசு ஆறவில்லை.

“நான் தப்பா பண்ணிட்டேனா?” என்றாள் குண்டூசி. அவள் உதடு துடிக்க ஆரம்பித்திருந்தது.

“இல்லவே இல்ல,” என்று அம்மாவும் நானும் ஒரே குரலில் சொன்னோம். அம்மா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் வந்ததும் மறுபடி ஒரு காட்சி நடந்தது. இந்தத் தடவை டாக்டரின் போன். இரண்டு புஸ்ஸும் முடிந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய அவசியமே இல்லை, மருந்து போன்மேல்தான் பட்டிருந்தது.

“காலைலதான் போடணும்னு யார் சொன்னது?”

“நான்தான் டாக்டர்.”

அவர் டிரைவரம்மா பக்கம் திரும்பினார். “நீங்க எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?”

“மூணு மணிக்குள்ள வந்துருவேன் டாக்டர். அப்புறம் முழுக்க இவகூடத்தான்.”

“அப்ப ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி நீங்களே கையால குடுங்க. அதே மருந்து, அதே ரெண்டு தடவை. ரெண்டு மாசம் பார்ப்போம்.” கடிதத்தைக் கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மடித்து என் மேசை இழுப்பறையில் வைத்தார். “ரெண்டு மாசத்துல ஒரு தடவை வார்டுக்குப் போனாலும் இது போயாகணும். மழைக்காலம் வேற வருது.”

நாங்கள் மூன்று பேரும் கொஞ்சம் லேசாகியிருந்தோம். குண்டூசி மட்டும் அம்மாவின் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஏழு மணிக்கு நீ போன் பண்ண மாட்டியா?”

டிரைவரம்மா அவள் விரலைப் பட்டனிலிருந்து விடுவித்தார்.

“பண்ணுவேன் பாப்பா.”

“மருந்துதான் இல்லையே. அப்புறம் எதுக்கு?”

டிரைவரம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “இவ்வளவு நாள் புஸ்ஸு புஸ்ஸுன்னு அந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன். உன் குரலைக் கேக்கவே இல்ல. இனிமே அஞ்சு நிமிஷமும் நீ பேசு.”

அன்றைக்கு அவர்கள் கிளம்பும்போது என் சொந்த நம்பரை எழுதிக் கொடுத்தேன், தையல்காரம்மாவின் நம்பரையும் வாங்கிக்கொண்டேன். சளி பிடித்த முதல் நாளே கூப்பிட வேண்டும், மூன்றாம் நாள் வரை உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொன்னேன். இந்தத் தடவை திட்டாமல் சொன்னேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வார்டு நிரம்பி வழிந்தது. தினமும் வேலைக்கு வந்ததும் முதலில் மாடிக்குப் போய், புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் என் அறையைத் திறப்பேன். ஐந்து வாரம் அந்தப் பெயர் இல்லை. ஆறாவது வாரம் டிரைவரம்மா கூப்பிட்டார். “சிஸ்டர், மூக்கு ஒழுகுது. இருமல் இருக்கு.” மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் நேராக அழைத்து வரச் சொன்னேன். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார் டாக்டர். லேசான விசில் சத்தம். அவசரத்துக்குப் போடும் நீல இன்ஹேலரை எப்போதெல்லாம் கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினோம். அனுப்பிவிட்டேனே தவிர, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளும் கூப்பிட்டுக் கேட்டேன். அப்படியேதான் இருக்கிறது என்றார். கடிதம் இழுப்பறையில் இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஏழு பத்து. வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தையல்காரம்மாவின் நம்பர்.

“சிஸ்டர்!”

“என்னடி ஆச்சு? இழுக்குதா? அத்தை எங்க? அத்தைகிட்ட குடு!”

“அத்தை மிஷின்ல இருக்காங்க. அம்மா பேசிட்டு பஸ்ஸை எடுத்துட்டாங்க. நீங்க பயந்துட்டே இருப்பீங்களாம், உங்ககிட்டயும் பேசச் சொன்னாங்க.”

எங்கள் தொழிலில், ஒரு பிள்ளைக்கு மூச்சு எவ்வளவு மோசம் என்று பார்க்க ஒரு கருவியும் வேண்டாம். பேசவிட்டால் போதும். எத்தனை வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்க நிற்கிறது என்று கவனித்தால் தெரிந்துவிடும். கடைசித் தடவை வார்டுக்குப் போன அன்று குண்டூசியால் இரண்டு வார்த்தையைச் சேர்ந்தாற்போல் சொல்ல முடியவில்லை. ‘அம்மா… தண்…’ என்று பாதியில் நின்றாள்.

“என்கிட்ட என்ன பேசப் போற?” என்றேன். காதில் போனை அழுத்திக்கொண்டேன்.

“நேத்து என்ன தெரியுமா சிஸ்டர், ஒரு மாமா சட்டை தைக்கக் குடுத்தாங்கல்ல, அத்தை அவசரத்துல ஒரு கையை உள்பக்கமா வெச்சுத் தைச்சுட்டாங்க, அந்த மாமா வந்து போட்டுப் பாத்தா ஒரு கை வெளில வருது இன்னொரு கை வரவே மாட்டேங்குது, அவரு இப்படியே சுத்திச் சுத்தித் தேடுறாரு, அத்தை சிரிக்கக் கூடாதுன்னு வாயில துணியை வெச்சு அடைச்சுக்கிட்டாங்க, நான் மட்டும் சிரிச்சுட்டேன், அந்த மாமா என்னைப் பாத்து…”

வார்த்தைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பதைத் தாண்டியும் அவள் நிற்கவில்லை. எண்ணுவதை விட்டேன். கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது.

“சிஸ்டர், இருக்கீங்களா?”

“இருக்கேன்டி. அந்த மாமா அப்புறம் என்ன பண்ணாரு?”